மெழுகும் முகமும்

இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயர் பகுதியிலே பிளென்ஹைம் என்னும் பெருமாளிகை ஒன்றுண்டு. வின்ஸ்ரன் சேர்ச்சில் பிறந்த இடம் என்றால் வாசகர் பலருக்கும் நினைவு வரும். அம்மாளிகையின் வடபுற முகப்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போர் எவரும் சிறிது திடுக்குறுவர். மேற்கூரையின் உட்புறத்திலே ஆறு கண்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. நெற்றி இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கண்கள் மாத்திரம் கீழே வருவோர் போவோரை நோக்கியபடி இருக்கின்றன. 1928ஆம் ஆண்டில் கொலின் கில் என்னும் ஓவியர் அவற்றைத் தீட்டியபோது, மாளிகையின் தலைவி தமது விழிகளின் நீலத்தை ஒத்த சால்வையொன்றை எடுத்துக்கொண்டு சாரத்தின் மேலே ஏறி, நிறம் இவ்வாறு அமைதல் வேண்டும் என்று காட்டினாராம். அப்பொழுது அவருக்கு வயது 47. அவருடைய முகத்துத் தோலின் கீழே 25 ஆண்டுகளாக மெழுகு இருந்தது.

அவ்வம்மையாரின் பெயர் கிளாடிஸ் டீக்கன். 1881இல் பாரிஸ் நகரிலே பிறந்த அமெரிக்கப் பெண். பிற்காலத்தில் மார்ல்பறோக் கோமகனின் இரண்டாம் மனைவி. அவர் 11 வயதுச் சிறுமியாய் இருந்தபோது, 1892இல், தந்தையார் பிரான்சின் கான் நகரிலே தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். அவ்வீட்டில் வளர்ந்த பெண் நூல்களிலும் கலைகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு, பேச்சுத் திறத்தினாலும் பேரழகினாலும் ஐரோப்பியக் கலையுலகைத் தம்பால் ஈர்த்தார். நாவலாசிரியர் மார்சல் புரூஸ்ற், சிற்பி ரோடான், கலைத்திறனாய்வாளர் பெர்ணாட் பெரன்சன் முதலியோர் அவரை அறிந்து வியந்தவர்கள். பொல்டினி அவரை ஓவியமாக்கினார். எப்ஸ்ரைன் சிலையாக வடித்தார். இத்தகைய ஒருவர்க்குத் தம் முகத்தில் என்ன குறை தோன்றியிருக்கும்?

குறை மூக்கிலே தோன்றிற்று. கிரேக்கச் சிலைகளிற் காணப்படுவதுபோல நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே நேர்கோடு அமைதல் வேண்டும் என்பது அவரது ஆசை. உரோமாபுரியின் அரும்பொருட்சாலையிற் சென்று சிலைகளின் மூக்கை அளந்து பார்த்தார் என்றுகூட ஒரு கதை வழங்குகின்றது. (கிரேக்கச் சிற்பி செதுக்கியது தான் கண்ட மனிதரின் மூக்கையோ, தன் மனத்தில் வகுத்துக்கொண்ட விதியையோ என்பதை அக்காலத்தில் எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லைப் போலும்.) 1903இல், தமது 22ஆம் வயதில், மூக்கின் மேற்பாலத்திலே பரபின் மெழுகை ஊசியால் ஏற்றுவித்துக்கொண்டார்.

இச்செயலை ஒரு பித்துக்கொள்ளிப் பெண்ணின் விபரீத விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது. அந்நாளில் அது விஞ்ஞானத்தின் புதுமை. வியன்னா நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணரான றொபேட் கெர்சூனி என்பவர், காசநோயின் பொருட்டு விதைகள் அகற்றப்பெற்ற இளைஞன் ஒருவனுக்கு, இழந்த வடிவத்தை மீட்டுத்தரும் நோக்குடன் 1899இல் வசலீனை ஊசியால் ஏற்றினார். பலன் நன்றாயிருக்கக் கண்டு மறு ஆண்டில் அதனை வெளியிட்டார். மண்ணெண்ணெயின் உறவான இப்பொருள் மருந்து எதனோடும் தாக்கம் புரியாது, கெட்டுப் போகாது, மலிவானது, கத்தி வைக்கவேண்டிய தேவையுமில்லை. இதனிலும் சிறந்த பொருள் வேறென்ன வேண்டும்? நோயினால் மூக்குப்பாலம் இடிந்து விழுந்தவர்களுக்கு அதனை ஏற்றினர். பின்னர் நோயே இல்லாதவர்களின் சுருக்கங்களுக்கும் குழிவிழுந்த கன்னங்களுக்கும் ஏற்றினர். கெர்சூனியின் வசலீன் மிக மென்மையாயிருந்தமையால் இடம்பெயர்கின்றது என்று கண்டு, மற்றையோர் அதிகச் சூட்டில் உருகும் கடினப் பரபினை நாடினர். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை பரவிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கெர்சூனி பொய்யர் அல்லர். தாம் கண்டதையே எழுதினார். அவர் கண்டது சில மாதங்களின் காட்சி. கிளாடிஸ் அம்மையாரோ அந்த மெழுகுடன் 74 ஆண்டுகள் வாழவேண்டியிருந்தது. ஊசி ஏற்றியவரின் காலமும் ஏற்றப்பெற்றவரின் காலமும் ஒன்றல்ல. இத்துறையில் அன்றுதொட்டு இன்றுவரை நிகழ்ந்த துன்பங்களிற் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மெழுகு எதனோடும் தாக்கம் புரியாது என்பது குப்பிக்குள் உண்மை. உயிருள்ள இழையத்துக்குள் கதை வேறு. உடலிலே அன்னியப் பொருளொன்று புகுந்ததும் அதனை விழுங்கி அழிப்பதற்கென்றே குருதியிலிருந்து கலங்கள் ஓடிவருகின்றன. மெழுகை விழுங்கலாம், ஆனால் செரிக்க இயலாது. விழுங்கிய கலங்கள் அங்கேயே தங்குகின்றன. தனித்து முடியாதவை ஒன்றோடொன்று கலந்து பல கருக்களைக் கொண்ட இராட்சதக் கலங்களாகின்றன. அவற்றைச் சூழ நாரிழையம் வளர்ந்து, மெழுகைச் சிறு சிறு துளிகளாகப் பிரித்துச் சிறையிடுகின்றது. அழிக்க முடியாத பகைவனைச் சுற்றி மதில் கட்டுவது போன்ற செயல் இது. அம்மதிலே பின்னர் கட்டியாகத் தடித்து, தோலோடு ஒட்டி, நீலமும் செம்மையும் பாரித்து, சிலவேளை புண்ணாகி வெடிக்கின்றது. இக்கட்டிக்குப் ‘பரபினோமா’ என்று வைத்தியர் பெயரிட்டனர். ஊசி ஏற்றிய சில மாதங்களிலும் அது தோன்றலாம். பல பத்தாண்டுகள் கடந்தும் தோன்றலாம். மெழுகையும் சதையையும் வேறாகப் பிரித்தெடுப்பதற்கு இடமில்லாதவாறு இரண்டும் பின்னிப்போவதால், அதனை நீக்கப் புகும் கத்தி நல்ல சதையையும் சேர்த்தே நீக்கவேண்டியதாகின்றது.

மூக்கிலே மெழுகு ஏற்றியபோது அது நாடிக்குள் புகுந்து கண்ணொளியைப் பறித்த செய்திகளும் 1900களின் தொடக்கத்திலேயே வைத்திய ஏடுகளில் வெளிவந்தன. அவ்வாறிருந்தும் தொழில் உடனே நிற்கவில்லை. 1911இல் அமெரிக்காவில் கொல்லே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அழகுச் சத்திரசிகிச்சை பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். பரபினால் விளையும் தீங்குகளை அதிலே ஒவ்வொன்றாக விரித்துரைத்த அவரே, அதனை ஏற்றும் முறையையும் விரிவாகக் கற்பித்தார். தீங்கு தெரியாமையால் மாத்திரம் தீங்கு தொடர்வதில்லை.

இனி, கிளாடிஸ் அம்மையாரின் கதைக்கு மீள்வோம். அதனைச் சொல்லுவோர் பெரும்பாலும் ஒரே மூச்சிற் சொல்லி முடித்துவிடுவர்: பேரழகி ஒருத்தி, பேராசை கொண்டாள், மெழுகு ஏற்றினாள், அது மூக்கிலிருந்து வழிந்து தாடைக்கு இறங்கியது, அழகு அழிந்தது. கணப்படுப்பின் அருகே அமர்ந்தபோது உருகி வழிந்தது என்று சுவை கூட்டுவோரும் உளர். நீதிக்கதை போலக் கேட்க நன்றாயிருக்கின்றது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். ஊசி ஏற்றியது 1903இல்; பொல்டினி அவரை எழிலுறத் தீட்டியது 1916இல்; கோமகன் அவரை மணந்தது 1921இல். ஓரிரவில் அழிந்த முகத்தை ஓவியர் தேடி வருவரா? அழிவு மெல்ல நிகழ்ந்தது. மெழுகு இறங்குவதற்கு அடுப்பு நெருப்பு வேண்டியதில்லை. பேசும்போதும் சிரிக்கும்போதும் அசையும் தசைகளும், கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பும், இழையங்களின் இடையே உள்ள வழிகளும் போதும். கண்ணாடி முன் நிற்கும் ஒருவர்க்கு இன்று நேற்றுப்போலத்தான் தோன்றும். பத்தாண்டுக்கு முந்திய நிழற்படத்தை எடுத்துப் பார்க்கும்போதுதான் நெஞ்சு திடுக்கிடும்.

இந்த மெதுமையே துன்பத்தின் உறைப்பு என்று கருதுகின்றேன். திடீரென வரும் நோய்க்கு வைத்தியரிடம் ஓடுகின்றோம். மெல்ல வருவதற்கு நாமே பழகிப்போகின்றோம், அல்லது ஒளித்துக்கொள்கின்றோம். தானே விரும்பிச் செய்துகொண்ட செயலால் வந்ததாயின் நாணமும் சேர்ந்துகொள்ளுகின்றது. பிறர் வாய்விட்டுச் சிரிக்கக்கூடிய துன்பத்தை எவர் வெளியே சொல்லுவர்?

மணவாழ்வும் இனிதாக அமையவில்லை. கோமகனும் அவரும் பிரிந்தனர். 1934இல் கோமகன் காலமானார். அம்மையார் பின்னர் நாட்டுப்புற வீடொன்றில் உலகத்தை விட்டு ஒதுங்கி வாழலானார். 1943இல் இலண்டன் நகைக்கடை ஒன்றிலே அவரைக் கண்ட சிப்ஸ் சன்னன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், ஒருகாலத்தில் உலகம் போற்றிய அழகி இவரே என்று உணர்ந்து அருகே சென்று பேசமுயன்றதையும், அவர் அதற்கு இடங்கொடாது அகன்றதையும் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1962இல், 81 வயதில், அம்மையார் தம் விருப்பத்துக்கு மாறாக நோதம்ரன் நகரத்து மனநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சன்னனின் நாட்குறிப்பைப் பாடசாலை மாணவனாய் இருந்தபோது படித்து வியந்த ஹியூகோ விக்கேர்ஸ் என்பவர், 1975 முதல் அங்கே சென்று அவரைப் பலமுறை கண்டு உரையாடினார். 1977இல், தமது 96ஆம் வயதில், அம்மையார் மறைந்தார். அவரது வரலாற்றை விக்கேர்ஸ் 1979இல் நூலாக வெளியிட்டார். அவர் அவ்வாறு தேடிச் செல்லாதிருந்தால், அந்த நீண்ட வாழ்வில் மூக்கும் மெழுகும் தவிர வேறொன்றும் நமக்கு எஞ்சியிராது.

மெழுகின் காலம் மேலைநாடுகளில் முதல் உலகப்போரை அடுத்துத் தேய்ந்துபோயிற்று. அதன் இடத்தைப் பிடிக்கப் பிற பொருள்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரின் பின் ஜப்பானிலும், அதையடுத்து அமெரிக்காவிலும் திரவச் சிலிக்கோன் ஏற்றப்பட்டது. அதுவும் எதனோடும் தாக்கம் புரியாது என்று புகழப்பெற்ற பொருளே! அதுவும் இடம்பெயர்ந்தது, அதுவும் பல ஆண்டுகள் கழித்துக் கட்டிகளை எழுப்பிற்று. 1970களில் நெவாடா மாநிலம் அதனை ஏற்றுவதைச் சட்டப்படி குற்றமாக்கியது. 1981இல் மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சில மாதங்களிற் கரைந்துபோகும் இயல்புடையது. ஆயினும் நூற்றில் மூவர் அளவினருக்கு ஒவ்வாமை காணப்பட்டமையால் முன்கூட்டியே தோலிற் பரிசோதித்துப் பார்க்கவேண்டியிருந்தது.

இன்று பெரிதும் வழங்குவது ஹயலுரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயர், ஜோன் பாமர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் பளிங்குக் குழம்பிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்தே பெயரிட்டனர். (கிரேக்க மூக்கை விரும்பியவரின் கதையிலே கிரேக்கச் சொல்லொன்று இவ்வாறு வந்து சேர்வதும் ஒரு விநோதந்தான்.) நம் எல்லோருடைய தோலிலும் மூட்டுக்களிலும் அது இயல்பாகவே உண்டு. உடல் நாள்தோறும் அதனை ஆக்கியும் அழித்தும் வருகின்றது. ஊசிக்கு ஆக்கும்போது அதன் இழைகளை இரசாயனப் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்து, உடல் எளிதில் அழிக்காதவாறு கூழாக்குகின்றனர். ஐரோப்பாவில் 1996இலும் அமெரிக்காவில் 2003இன் இறுதியிலும் அது விற்பனைக்கு வந்தது. ஆறு மாதமோ ஓராண்டோ நின்று பின் தானே கரைந்துபோகும் என்பதே விற்போரின் வாக்கு.

அவ்வாக்கு முழுப்பொய் அன்று; முழு உண்மையும் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஊசி ஏற்றிக்கொண்டவர்களின் முகத்தை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்தபோது, கரைந்துவிட்டது என்று எண்ணிய கூழ் பலரிடத்தில் இன்னும் இருக்கக் காணப்பட்டது. மேலே தோற்றம் குறைகின்றது. உள்ளே பொருள் இருக்கின்றது. குறைந்ததென்று கருதி மேலும் ஏற்றுகின்றனர். இவ்வாறு அடுக்கடுக்காய்ச் சேர்ந்த முகம் பழைய வடிவத்தை இழந்து ஊதிக் காண்பதை இன்று நகரங்கள்தோறும் காணலாம். சிலரிடத்தில் மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் கட்டிகள் எழுகின்றன. ஊசி ஏற்றும்போது உள்ளே சென்ற பற்றீரியாக்கள் கூழின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழுவதும் ஒரு காரணம் என்பர். தடிமற் காய்ச்சல், பல்லின் சீழ் போன்ற ஒன்று உடலின் காவற்படையைத் தட்டி எழுப்பும்போது முகமும் சேர்ந்து வீங்குவதுண்டு. 2020இல் மொடேர்னா நிறுவனத்தின் கொரோனாத் தடுப்பூசிப் பரிசோதனையிலே, முன்னர் முகத்தில் நிரப்பி ஏற்றிக்கொண்ட மூவருக்கு முகமோ உதடோ வீங்கியதை அமெரிக்க அதிகாரிகள் பதிவு செய்தனர். அவ்வீக்கங்கள் தணிந்துவிட்டன. ஆயினும், உரியவர் மறந்துவிட்டதை உடல் மறக்கவில்லை என்பது தெரிகின்றது.

பழைய ஆபத்தும் இன்றும் இருக்கின்றது. மூக்குப்பாலத்தையும் புருவ நடுவையும் சார்ந்த நாடிகள் கண்ணுக்குச் செல்லும் நாடியோடு தொடர்புடையவை. ஊசிமுனை தவறி அவற்றுள் ஒன்றிலே கூழ் புகுந்துவிட்டால், அது பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரையின் குருதியோட்டத்தை அடைக்கலாம். தோல் வெளிறுதல், பொறுக்கவொண்ணா நோவு, பார்வை மங்கல் ஆகியவை காணின் மறுநாள்வரை காத்திருத்தல் ஆகாது. உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கிளாடிஸ் அம்மையார் ஊசி ஏற்றுவித்துக்கொண்டது இந்த ஆபத்தான இடத்திலேதான். அந்த நீல விழிகள் தப்பியதைப் பேறென்றே சொல்லவேண்டும்.

ஆயினும் அவர் காலத்தில் இல்லாத பெரியதொரு வசதி இன்று உண்டு. ஹயலுரோனிக் அமிலத்தைக் கரைக்கும் நொதியம் ஒன்று வைத்தியர் கையில் இருக்கின்றது. ஹயலுரோனிடேஸ் என்பது அதன் பெயர். அதனை உரிய இடத்தில் ஏற்றினால் கூழ் மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ கரைந்துவிடும். தேனீயின் நஞ்சிலும் இந்த இன நொதியம் உண்டாதலால், தேனீக் கொட்டினால் உடல் முழுதும் ஒவ்வாமை காண்போர் அதனை முன்னரே வைத்தியருக்குச் சொல்லுதல் நன்று. ஆனால் இந்நொதியம் தன் பூட்டுக்கு மாத்திரம் பொருந்தும் திறவுகோல். மெழுகையோ சிலிக்கோனையோ நுண்ணிய பிளாத்திக்கு மணிகளையோ அது தீண்டாது. அவற்றால் எழும் கட்டிகளுக்கு ஸ்ரெரொயிட் மருந்தைக் கட்டிக்குள்ளேயே ஏற்றிச் சுருங்கச் செய்கின்றனர். கிருமித்தொற்று உளதாயின் முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அதனை அடக்குதல் வேண்டும். முறை மாறி முதலில் ஸ்ரெரொயிட்டை ஏற்றினால் தொற்றுக்கு வழிவிட்டதாகும். கத்தி கடைசியிலேதான் வரவேண்டும்; அதுவும் வடுவை விட்டே செல்லும். பல வேளைகளில் நோயை முற்றாக ஒழிப்பதன்று, அடக்கி வைத்துக்கொண்டு வாழ்வதே சிகிச்சையாகின்றது. அழகு தந்தவர் அரைமணி நேரத்தில் முடித்த வேலையைச் சீர்செய்ய வைத்தியரும் நோயாளியும் ஆண்டுக்கணக்காக உழைக்கவேண்டியிருக்கின்றது.

ஆகவேதான் இத்தகைய நோயாளி வந்தமர்ந்ததும் தேர்ந்த வைத்தியர் கேட்கும் முதற்கேள்வி, “என்ன பொருளை ஏற்றினார்கள்?” என்பது. இரண்டாவது, “எந்த ஆண்டில்?” என்பது. விடை தெரிந்தால் வழி பிறக்கும். துயரம் யாதெனில், பலருக்கு விடை தெரியாது. முறையான வைத்திய நிலையங்களில் ஊசி ஏற்றியபின் பொருளின் பெயரும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாளைக் கொடுப்பதுண்டு. அதனைப் பேணி வைப்போர் சிலரே. அழகுநிலையத்தின் பின்னறையிலோ விடுதி அறையிலோ ஏற்றிக்கொண்டவர்க்கு அதுவும் இல்லை. தெரிந்த சிலரும் சொல்ல நாணுகின்றனர். கட்டி தானாகவே வந்தது என்கின்றனர். கணவருக்குத் தெரியாது, தாயாருக்குத் தெரியாது என்கின்றனர். வைத்தியர் புற்றுநோயோ காசநோயோ என்று தேடி அலைய, காலம் கழிகின்றது.

அவர்களை இவ்வாறு மௌனம் சாதிக்க வைப்பவர் யார்? கிளாடிஸ் அம்மையாரின் கதையை வாய்விட்டுச் சிரித்துச் சொல்லி வந்த நாம்தாம். 22 வயதுப் பெண் செய்த ஒரு காரியத்தை 120 ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றோம். அவளுக்கு அந்த மெழுகை ஏற்றிய வைத்தியரின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

பிளென்ஹைம் மாளிகையின் நீர்த்தடாக மேடையிலே, சிங்கவுடலும் பெண்முகமும் கொண்ட இரண்டு ஈயச்சிலைகள் உள. அவற்றின் முகங்களும் அவருடையவையே. 1930இல் அமைக்கப்பட்டவை, தம் முகத்தில் மெழுகின் மாற்றங்களை அவர் நாள்தோறும் கண்ட காலம் அது. சிற்பியின் முன் அவர் அமரச் சம்மதித்தார்.